ரேடியேட்டருக்குள் குடியிருந்தவர்கள்

மோர்ஸ் தீவு
3 அக்டோபர் 1982

அன்புள்ள அக்கா கெர்டாவுக்கு,

தம்பி ஆக்சல் எழுதுவது. நானும் யூட்டெயும் சிட்செலும் சுகமாக இருக்கிறோம். உன் இடுப்பு வலிக்குப் புது மாத்திரை கேட்கிறதா? என் முழங்கால் பழையபடிதான். ஊர் முழுக்கத் தரையில் மண்டியிட்டு வெந்நீர்க் குழாய் மாட்டுகிறவனுக்கு வேறு எப்படி இருக்கும்?

போனில் உனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை, எனக்குப் பேச்சு வருவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நீ இத்தனை வருடம் பள்ளியில் பிள்ளைகளோடு இருந்தவள், உன்னிடம்தான் கேட்க வேண்டும்.

சிட்செல் மூன்றாம் வகுப்பில் ஜன்னலோரம் உட்காருகிறாள், அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குப் பக்கத்தில். பள்ளிக் கட்டடம் பழசு. போன வாரம் கொதிகலனைப் போட்டதும் குழாய்கள் டுங்க் டுங்க் என்று தட்ட ஆரம்பித்துவிட்டன. அதற்குள் ஒரு குடும்பம் குடியிருக்கிறது என்கிறாள் உன் மருமகள். அப்பா பெயர் திரு. டுங்க். அம்மா திருமதி ஸுஸ், அவள் எப்போதும் பெருமூச்சு விடுகிறவள். பிள்ளையின் பெயர் குட்டி ப்ளிப். திரு. டுங்குக்கு மேல்மாடிக் குழாய்க்குக் குடிபோக ஆசையாம். திருமதி ஸுஸுக்கு ஏறி இறங்க முடியாதாம். தினமும் அவர்கள் வீட்டுச் சண்டையை எங்கள் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்துவிடுகிறாள். இடைவேளையில் பக்கத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் அவளைச் சுற்றி உட்கார்ந்து கேட்கிறார்களாம்.

எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. ஆனால் யூட்டெ, பாடத்தை விட்டுவிட்டுக் குழாயையே கேட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆவது என்கிறாள். இதை அப்படியே விடலாமா, சொல்லி நிறுத்த வேண்டுமா?

உன் பதிலை எதிர்பார்க்கும்,
ஆக்சல்


ஸ்வென்போர்
9 அக்டோபர் 1982

அன்புத் தம்பி ஆக்சலுக்கும் யூட்டெக்கும்,

உங்கள் கடிதம் கிடைத்தது. மாத்திரை கொஞ்சம் கேட்கிறது. நடக்கும்போது தெரியவில்லை, உட்கார்ந்து எழும்போதுதான் உயிர் போகிறது. உன் முழங்காலுக்குக் கம்பளி சுற்றிக்கொள்கிறாயா இல்லையா?

நிறுத்தவே கூடாது. யூட்டெயின் கவலை எனக்குப் புரிகிறது, ஆனாலும் கூடாது. ஒரு உதாரணம் சொல்கிறேன். என் வகுப்பில் வில்லட்ஸ் என்று ஒருவன் இருந்தான். ஒரு குளிர்காலம் முழுக்கத் தீக்குச்சிகளால் பாலம் மட்டுமே கட்டினான். படம் வரையச் சொன்னால் பாலம், கட்டுரை எழுதச் சொன்னால் பாலம். நான் செய்ததெல்லாம், தீக்குச்சிகள் தீரும்போது அவன் மேசையில் இன்னொரு பெட்டி வைத்ததுதான். வசந்தம் வந்ததும் தானாகவே பாலத்தை விட்டு இறங்கி வந்தான், வந்தபோது வகுப்பிலேயே கணக்கு நன்றாகப் போடுகிறவனாக இருந்தான். இன்னொருத்தி அபெலோனெ, கடலுக்குப் பழுப்பு வண்ணம்தான் பூசுவாள். ஆய்வுக்கு வந்த அதிகாரி ஏன் என்று கேட்டதற்கு, "புயலுக்கு மறுநாள் வந்து பாருங்க" என்றாள்.

சிட்செலுக்குக் கிடைத்திருப்பது எல்லாருக்கும் கிடைப்பதல்ல. இருபது வருடத்துக்கு ஒருமுறை அப்படி ஒரு பிள்ளையைப் பார்ப்பேன். அதனால் ஒன்று செய். அவளுடைய வகுப்பாசிரியரைப் போய்ப் பார்த்து இதைச் சொல். வகுப்போடு கூடவே ஆசிரியரும் மேலே போகிறவர், ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் அவர் கையில்தானே இருக்கப் போகிறாள். அவருக்குத் தெரிந்திருந்தால் இதைப் பொத்திக் காப்பாற்றுவார். தெரியாவிட்டால், ஒருநாள் கவனம் சிதறுகிறது என்று இடத்தை மாற்றி உட்கார வைத்துவிடுவார்.

திருமதி ஸுஸுக்கு என் அனுதாபம். எனக்கும் மாடி ஏற முடிவதில்லை என்று சிட்செலிடம் சொல்.

எப்போதும் உங்கள் நினைவாக,
கெர்டா


மோர்ஸ் தீவு
31 அக்டோபர் 1982

அன்புள்ள அக்கா,

எல்லாரும் சுகம். யூட்டெக்கு மட்டும் சளி. சிப்பித் தொழிற்சாலையில் நாள் முழுக்க ஈரத்தில் நிற்கிறாள் அல்லவா.

நீ சொன்னபடியே வகுப்பாசிரியர் பென்ட்டைப் போய்ப் பார்த்தேன். அவரைத்தான் உனக்குத் தெரியுமே, தாடியும் கிதாருமாக ஒரு இளைஞர், நல்ல மனுஷன். நான் குழாய்க் குடும்பத்தைப் பற்றிச் சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இதுக்குத்தானே ஆக்சல் நான் வாத்தியாரா வந்தேன்" என்றார்.

மறுவாரமே வகுப்பு முழுவதற்கும் அதைப் பாடமாக்கிவிட்டார். சுவர் நீளத்துக்குக் காகிதம் ஒட்டியிருக்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் குழாய்க் குடும்பத்தை வரைகிறார்கள். கணக்கில் திரு. டுங்க் எத்தனை மீட்டர் குழாய் ஏற வேண்டும் என்று போடுகிறார்கள், டேனிஷ் பாடத்தில் திருமதி ஸுஸுக்குக் கடிதம் எழுதுகிறார்கள். முதல் சில நாட்கள் சிட்செலுக்குக் கால் தரையில் படவில்லை. இப்போது கொஞ்சம் அடங்கியிருக்கிறாள். குட்டி ப்ளிப்புக்குக் கூடப் படிக்கும் யெப்பெ மீசை வரைந்துவிட்டான் என்று ஒருநாள் வருத்தப்பட்டாள். அதெல்லாம் சகஜம்தானே.

உன் யோசனைக்கு நன்றி. யூட்டெயும் சமாதானமாகிவிட்டாள். பாடமாகிவிட்டால் அவளுக்கு என்ன கவலை?

அன்புடன்,
ஆக்சல்


ஸ்வென்போர்
7 நவம்பர் 1982

அன்புத் தம்பிக்கு,

யூட்டெக்குச் சளி விட்டதா? எல்டர்பெரிப் பழச் சாற்றைச் சூடாக்கிக் குடிக்கச் சொல். இங்கே ஒரு வாரமாகக் காற்று, நான் வீட்டை விட்டு நகரவில்லை.

பென்ட் நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இருந்தாலும் உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்சம் கலங்கினேன். ஏனென்று சொல்கிறேன். எங்கள் பள்ளியில் எழுதும்போது விசிலடிக்கும் பையன் ஒருவன் இருந்தான். விசிலடிப்பது அவனுக்கே தெரியாது. ஒருநாள் தலைமை ஆசிரியர் அந்தப் பக்கமாகப் போனவர், எவ்வளவு அழகாக விசிலடிக்கிறாய் என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவன் விசிலடித்து யாரும் கேட்கவில்லை. தலைமை ஆசிரியர் தங்கமானவர், பையனும் தங்கமானவன்.

பென்ட்டிடம் சிரித்துக்கொண்டே சொல்லிப் பார். கணக்கு, கடிதம் எல்லாவற்றிலும் டுங்க் வேண்டாம், கொஞ்ச நாள் அவர்களைத் தங்கள் வீட்டில் இருக்க விடுங்கள் என்று. சிட்செல் இப்போது வீட்டில் அவர்கள் கதையைச் சொல்கிறாளா? அதை மறக்காமல் எழுது.

உங்கள் மூவருக்கும் என் முத்தங்கள்,
கெர்டா


மோர்ஸ் தீவு
28 நவம்பர் 1982

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்குக் கோபிக்காதே. குளிர் வந்தால் எல்லார் வீட்டிலும் ஒரே நாளில் குழாய் நினைவுக்கு வருகிறது. உன் இடுப்புக்கு வெந்நீர்ப் பை வாங்கிவிட்டாயா? யூட்டெக்குச் சளி விட்டுவிட்டது.

பென்ட்டிடம் சொல்ல வாய்க்கவில்லை. அதற்குள் வேறொன்று நடந்துவிட்டது. வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகள் தங்கள் சச்சரவுகளைப் பேசித் தீர்க்கும் வகுப்பு நேரத்துக்குக் கேக் கொண்டுபோகும் முறை போன வாரம் சிட்செலுடையது. யூட்டெ தேங்காய்த் துருவல் போட்ட கேக் செய்து அனுப்பினாள். கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டே வகுப்பு அன்று விவாதித்தது அவளைப் பற்றித்தான். புகாரைக் கொண்டுவந்தவன் யெப்பெ.

"எப்பப் பாத்தாலும் சிட்செல்தான் கேட்டுச் சொல்றா. எங்க காதெல்லாம் என்ன மரக் காதா?"

டோர்ட்டெ என்ற பெண், குட்டி ப்ளிப்புக்குப் பிறந்தநாள் என்று தான் சொன்னதை சிட்செல் இல்லை என்று மறுத்துவிட்டதாகச் சொல்லி அழுதிருக்கிறாள். நீ என்ன நினைக்கிறாய் என்று பென்ட் சிட்செலைக் கேட்டிருக்கிறார்.

"நான் எதையும் முடிவு பண்றதில்ல. அவங்க பேசுறது எனக்குக் கேக்குது, அவ்வளவுதான்."

எல்லாரும் சிரித்தார்களாம். பென்ட் சிரிக்கவில்லை. அப்படியென்றால் மற்றவர்களுக்கும் கேட்க ஒரு வாய்ப்புத் தர வேண்டாமா என்று தன்மையாகக் கேட்டிருக்கிறார். பிறகு வாக்கெடுப்பு. இனிமேல் பெயர் வரிசைப்படி ஒரு நாளைக்கு ஒருவர் ரேடியேட்டரில் காதை வைத்துக் கேட்டு, அன்று அந்தக் குடும்பம் என்ன சொன்னது என்று வகுப்புக்குச் சொல்ல வேண்டும். அவர் சொல்வதை மற்றவர்கள் மறுக்கக் கூடாது. எல்லாரும் கையைத் தூக்கினார்கள். சிட்செலும் தூக்கினாள்.

நீ ஏன் தூக்கினாய் என்று கேட்டேன்.

"எல்லாரும் தூக்கினாங்கப்பா. நான் மட்டும் தூக்காம உக்காந்திருந்தா, பெரிய இவன்னு நெனச்சுக்குவாங்க."

நானாக இருந்தாலும் தூக்கியிருப்பேன், அக்கா. இங்கே யார்தான் தூக்காமல் இருப்பார்கள்?

கேக் மிச்சம் வரவில்லை என்று யூட்டெக்குச் சந்தோஷம்.

அன்புடன்,
ஆக்சல்


ஸ்வென்போர்
12 டிசம்பர் 1982

அன்புத் தம்பிக்கு,

வெந்நீர்ப் பை வாங்கிவிட்டேன், ராத்திரி அதோடுதான் தூக்கம். நீங்கள் மூவரும் நலம்தானே?

உன் கடிதத்தைப் படித்த அன்றே, உன்னைக் கேட்காமல் பென்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டேன். கோபப்படாதே. மரியாதையாகத்தான் எழுதினேன். ஒரு பிள்ளை கண்டுபிடித்த உலகத்தை முறை போட்டுப் பங்கிட முடியாது என்றேன். தீக்குச்சிப் பாலத்தைச் சொன்னேன், விசிலடித்த பையனையும் சொன்னேன்.

அவர் உடனே பதில் எழுதினார். நல்ல கடிதம். சிட்செலைப் பற்றி எவ்வளவு கவனித்திருக்கிறார் என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிந்தது. இதற்கு முன் வகுப்பில் வாயே திறக்காத இரண்டு பிள்ளைகள் இந்த முறை வந்த பிறகு எழுந்து நின்று கதை சொல்கிறார்களாம். கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: "கேட்கும் காது ஒருத்திக்குத்தான் இருக்கிறது, உங்களுக்கு இல்லை என்று மற்றப் பிள்ளைகளிடம் நான் எப்படிச் சொல்வேன்? நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா?"

ஒரு வாரமாக அந்தக் கடிதம் மேசையில் கிடக்கிறது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிடுகிறேன். அந்த இரண்டு பிள்ளைகளும் பிள்ளைகள்தானே, ஆக்சல்? அவர்களை மறுபடி உட்காரச் சொல் என்று எப்படி எழுதுவேன்?

நான் கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை. சிட்செல் வீட்டில் இன்னும் கதை சொல்கிறாளா?

கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு ஒரு வண்ணப் பெட்டி அனுப்புகிறேன். எதை வரைந்தாள் என்று யாரும் கேட்க வேண்டாம்.

பண்டிகை உங்களுக்கு இனிதாக அமையட்டும்,
கெர்டா


ஸ்வென்போர்
9 ஜனவரி 1983

அன்புத் தம்பிக்கு,

புது வருடம் உங்களுக்கு நன்றாகப் பிறந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் சுகம். பனியில் ஒருமுறை வழுக்கினேன், விழவில்லை.

கிறிஸ்துமஸ் அட்டை கிடைத்தது. யூட்டெயின் கையெழுத்து மட்டும்தான் இருந்தது. போன வருடம் சிட்செல் அட்டையின் ஓரமெல்லாம் எதையாவது கிறுக்கியிருப்பாள், தபால்தலைக்குக்கூட ஒரு தொப்பி வரைந்திருந்தாள். இந்த முறை ஓரங்கள் வெள்ளையாக இருந்தன. பென்ட்டுக்கு எழுதியதில் உனக்கு மனவருத்தமா? இருந்தால் திட்டியாவது ஒரு வரி எழுது.

காத்திருக்கும்,
கெர்டா


மோர்ஸ் தீவு
23 ஜனவரி 1983

மதிப்புக்குரிய அண்ணி கெர்டாவுக்கு,

யூட்டெ எழுதுகிறேன். அவர் எழுதுவார் எழுதுவார் என்று பார்த்தேன், பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறார். உங்கள் மேல் கோபமெல்லாம் இல்லை. நீங்கள் பனியில் வெளியே போகாதீர்கள். வண்ணப் பெட்டிக்கு நன்றி, சிட்செல் அதைப் பத்திரமாக அலமாரியில் வைத்திருக்கிறாள்.

அவள் நன்றாக இருக்கிறாள். பாடத்தில் கவனம் கூடியிருக்கிறது, எல்லாரோடும் ஒத்துப்போகிறாள் என்று பென்ட்டும் சொன்னார். பெயர் வரிசையில் அவள் முறை வந்த நாளில் மட்டும், ரேடியேட்டரில் காதை வைத்துவிட்டு, "இன்னைக்கு அவங்க ஒண்ணும் சொல்லல" என்று உட்கார்ந்துவிட்டாளாம். அதுவும் ஒரு பதில்தான் என்று பென்ட் ஏற்றுக்கொண்டார்.

கிறிஸ்துமஸுக்கு முன் பிள்ளைகளின் படங்களையெல்லாம் பள்ளி நடையில் கண்காட்சியாக வைத்தார்கள். பெற்றோர் எல்லாரும் போனோம், காபியும் ரொட்டியும் கொடுத்தார்கள். நகராட்சியிலிருந்து வந்திருந்தவர் ஒவ்வொரு படத்தையும் நின்று பார்த்துவிட்டு, இந்தக் குழாய்கள் நிஜமாகவே இப்படித் தட்டுகின்றனவா என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம். அவர் மட்டும் குறித்துக்கொண்டார்.

நீங்கள் கவலைப்படாமல் உடம்பைக் கவனியுங்கள்.

பணிவுடன்,
யூட்டெ


மோர்ஸ் தீவு
20 பிப்ரவரி 1983

அன்புள்ள அக்கா,

இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னித்துவிடு. எல்லாரும் சுகம். நீரிணை கரையோரமாக உறைந்திருக்கிறது, படகுகள் அசையவில்லை. என் வண்டிக்குப் புது பாட்டரி போட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை நோன்புக்கு முந்தைய பண்டிகை, பிள்ளைகள் வேஷம் போட்டு மிட்டாய்ப் பீப்பாயை அடித்து உடைத்தார்கள். சிட்செல் பூனை வேஷம் போட்டாள், கடையில் வாங்கியது. வகுப்பில் பெண்கள் எல்லாரும் பூனைதான்.

குளிர்கால விடுமுறையில் பள்ளியில் எனக்கு வேலை இருந்தது. நகராட்சி கொடுத்த வேலை. குழாய்களில் காற்று சேர்ந்திருந்தது, சில இடத்தில் பிடிமானம் தளர்ந்திருந்தது, அதனால்தான் அந்தத் தட்டல். பெரிய வேலை ஒன்றுமில்லை. நான் போகாவிட்டால் நியூகோபிங்கிலிருந்து வேறு ஆளைக் கூப்பிட்டிருப்பார்கள். தலைமை ஆசிரியர் கையைக் குலுக்கி, உங்கள் மகளின் கதை இல்லையென்றால் இந்தப் பழுது எங்களுக்குத் தெரிந்தே இருக்காது என்றார்.

இங்கே மீன் விலை ஏறிவிட்டது. உங்கள் பக்கம் எப்படி?

அன்புடன்,
ஆக்சல்


ஸ்வென்போர்
24 பிப்ரவரி 1983

ஆக்சல்,

நான் நலம். மீன் விலையைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

அந்த வேலையைச் செய்தது நீதான் என்று சிட்செலுக்குத் தெரியுமா? அவள் என்ன சொன்னாள்? இதை மட்டும் எழுது. என்னால் அங்கே வர முடியாது, வந்தாலும் எதுவும் செய்ய முடியாது, அது எனக்குத் தெரிகிறது. ஆனாலும் எழுது.

கெர்டா


மோர்ஸ் தீவு
27 மார்ச் 1983

அன்புள்ள அக்கா,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே பனி உருகிவிட்டது. உன் கடிதத்தை ஒரு மாதமாகச் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

அவளுக்குத் தெரியும். அவள் என்னோடுதான் வந்தாள். விடுமுறை நாள், யூட்டெ தொழிற்சாலைக்குப் போய்விட்டாள், சிட்செலை வீட்டில் தனியாக விட முடியாது. வேலை என்ன என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். "தெரியும்ப்பா, பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும்" என்றாள்.

பள்ளியில் யாரும் இல்லை. நாற்காலிகளையெல்லாம் மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். காற்றுத் திருகாணியைத் திறந்தால் முதலில் உஸ்ஸென்று காற்று வரும், பிறகு தண்ணீர் தெறிக்கும், அப்போது மூட வேண்டும். தண்ணீர் பிடிக்க அவள் ஒரு கோப்பையோடு பின்னாலேயே வந்தாள். ஒவ்வொரு அறையாக முடித்தோம். அவள் வகுப்பைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். வேண்டுமென்றுதான்.

உள்ளே போனபோது டுங்க் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் மண்டியிட்டேன், ஆனால் கை போகவில்லை.

"இது ஒண்ண அப்படியே விட்டுடவா? ஒண்ணுல காத்து இருந்தா யாருக்கும் தெரியாது" என்றேன்.

யோசித்தாள். நான் பொய் சொல்லவில்லை, அக்கா, நிஜமாகவே விட்டுவிட்டு வந்திருப்பேன். வேலை முடிந்தது என்று கையெழுத்தும் போட்டிருப்பேன்.

"வேணாம்ப்பா. விட்டா அதுக்கும் முறை போடுவாங்க."

பிறகு திருகாணி திறக்கும் சாவியைக் கேட்டாள். தானே திறப்பதாகச் சொன்னாள். கொடுத்துவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றேன். விளையாட்டுத் திடலில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. பின்னால் அவள் ரேடியேட்டரோடு வாயை ஒட்டி வைத்துக்கொண்டு தணிந்த குரலில் ஏதோ பேசினாள். கொஞ்ச நேரம் பேசினாள். அதற்குப் பிறகு காற்று போகும் சத்தம் கேட்டது. தண்ணீர் வந்ததும் அவளே சரியாக மூடினாள். ஒரு சொட்டுகூடத் தரையில் சிந்தவில்லை.

வரும் வழியில் பசிக்கிறது என்றாள், சாசேஜ் வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது வகுப்பில் சத்தம் இல்லை. ஆனாலும் முறை நடக்கிறதாம், பிள்ளைகள் தினமும் காதை வைத்துக் கேட்டு எதையாவது சொல்கிறார்கள்.

அவள் ரேடியேட்டரிடம் என்ன சொன்னாள் என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியாது. நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் எனக்குச் சொல்லியிருப்பாள், நான் உனக்கு எழுதியிருப்பேன்.

இடுப்பைப் பார்த்துக்கொள். யூட்டெயும் சிட்செலும் உன்னை விசாரித்தார்கள்.

தம்பி,
ஆக்சல்